இருபது வீதக் கழிவும் நானூறு கிலோமீற்றர் வீதியும்

கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் 5,000 ரூபாய்க்குப் புத்தகம் எடுத்தால், 20 வீதக் கழிவின்படி 1,000 ரூபாய் மிச்சம். கரம்பொனிலிருந்து கொழும்புக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே அந்த ஆயிரம் பஸ் காசில் கரைந்துவிடும். திரும்பி வரும் காசு முழுக்கக் கைநட்டம். கணக்கு மட்டும் பார்ப்பவர் இந்தப் பயணத்துக்குப் புறப்படவே கூடாது. ஆனாலும் செப்டெம்பர் பிறந்தால் தீவுப்பகுதியிலிருந்து சிலர் புறப்படத்தான் செய்கிறார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குக் கடந்தகால வினாத்தாள் தேடிப் போகும் தகப்பன். வெளிநாட்டு ஊர்ச்சங்கம் பாடசாலை நூலகத்துக்கு அனுப்பிய பணத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஆசிரியர். வெள்ளவத்தையில் மகள் வீட்டுக்குப் போகும் சாக்கில் நாவல் பட்டியலொன்றை மடித்து எடுத்துக்கொண்டு போகும் ஓய்வூதியர்.

கரம்பொன், யாழ்ப்பாணத் தீவுகளுள் ஒன்றில், ஊர்காவற்றுறைப் பட்டினத்துக்கு அடுத்தாற்போல் உள்ள ஊர். பனங்கூடல், தேவாலயங்கள், முருகன் கோயில், ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் பெரிய கல்வீடுகள். 1990, 91இல் போரினால் தீவுகளை விட்டு வெளியேறியவர்களுள் திரும்பாதவர்களே அதிகம். ஒல்லாந்தர் இந்தத் தீவுக்குத் தங்கள் நாட்டு லைடன் நகரத்தின் பெயரை வைத்தார்கள். ஐரோப்பாவின் பெயர்பெற்ற அச்சு நகரங்களுள் லைடனும் ஒன்று. அந்தப் பெயரை இன்றைக்கு ஊரில் ஒருவரும் சொல்வதில்லை. ஊரில் ஒரு புத்தகக்கடையும் வரவில்லை. பாடநூலுக்கு மேலே ஏதாவது வேண்டுமென்றால் பஸ் ஏறத்தான் வேண்டும்.

புத்தகத்துக்காக ஊரைவிட்டுப் புறப்படுவதில் கரம்பொனுக்கு ஒரு முன்னோடியும் உண்டு. தனிநாயகம் அடிகள் 1913 ஆகஸ்ட் 2ஆம் திகதி பிறந்த ஊர் இது. ஊர்காவற்றுறை அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரியிலும் படித்து, ரோமாபுரியில் குருவானவர். தமிழ்நாட்டில் தமிழ் கற்றுத் தேர்ந்தபிறகு, உலக நூலகங்களில் எங்கெல்லாம் பழைய தமிழ்ப் புத்தகம் தூங்குகிறதோ அங்கெல்லாம் போய்த் தட்டியெழுப்பியவர். புன்னைக்காயலில் 1586இல் அச்சான அண்டிரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூலகத்தில் இருப்பதை வெளியுலகுக்குக் காட்டியவர் அவர். 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறிய புரோவென்சா பாதிரியாரின் தமிழ் – போர்த்துக்கேய அகராதியை அதே நூலகத்துப் பிரதியிலிருந்து படியெடுத்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அதே ஆண்டில் அதே நகரத்தில் நடந்தது. அதற்குப் பின்னால் நின்ற கையும் அவருடையதுதான். ஒரு புத்தகத்தைப் பார்ப்பதற்கு ஆகும் செலவையும் அந்தப் புத்தகத்தின் விலையையும் அவர் ஒருபோதும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கமாட்டார் என்று துணிந்து சொல்லலாம்.

இனி பஸ். நாரந்தனை, சரவணை, வேலணை வங்களாவடி, மண்கும்பான், அல்லைப்பிட்டி என்று அது யாழ்ப்பாணத்தை நோக்கி நகரும். வங்களாவடிச் சந்தியில் புங்குடுதீவுப் பக்கத்து ஆட்களும் சேர்ந்துகொள்வார்கள். அவர்களுள் நயினாதீவார் குறிகட்டுவான் வரை படகில் வந்தவர்கள். நெடுந்தீவார் அதே துறைக்கு ஒரு மணி நேரக் கடலைத் தாண்டி வந்தவர்கள். சோளகம் பலமாக வீசும் நாளில் வள்ளம் ஓடுமா என்று பார்த்துத்தான் அவர்கள் கொழும்புப் பயணத்துக்கே நாள் குறிக்க முடியும். பண்ணைத் தாம்போதி வந்ததும் இரண்டு பக்கமும் ஆழமில்லாத பரவைக்கடல், களங்கண்ணிக் கம்புகள், தண்ணீருக்குள் அசையாமல் நிற்கும் கொக்குகள். எதிரே யாழ்ப்பாணக் கோட்டை.

நயினாதீவைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பழைய கல்லையும் சொல்லிவிட வேண்டும். அங்குள்ள நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்படும் என்று அரசன் அதில் அறிவிக்கிறான். யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் சரிபாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. கடல்வழிச் சரக்குக்கு அரசு எவ்வளவு எடுக்கும் என்பதைக் கல்லில் வெட்டி வைத்த ஊர்க்காரருக்கு, இறக்குமதிப் புத்தகத்தின் மேல் ஏறும் வரியைப் பற்றி யாரும் புதிதாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அதே நயினாதீவிலிருந்துதான் தமிழ்ப் புத்தக வியாபாரத்தின் பெரிய பெயரொன்றும் வந்தது. ஆர். ஆர். பூபாலசிங்கம் யாழ்ப்பாணப் பஸ் நிலையத்துக்கு அருகில் நடத்திய புத்தகசாலை, இடதுசாரி நூல்களும் தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளும் இலக்கியக்காரரும் ஒன்றாகக் கூடும் இடமாக இருந்தது. 1981இல் யாழ்ப்பாணம் எரிந்த நாட்களில் அந்தக் கடையும் எரிந்தது. பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதும் அப்போதுதான். நூலகத்தைப் பற்றி உலகம் பேசியது, கடையைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. கடை மறுபடியும் எழுந்தது; கொழும்பில் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் கிளை விட்டது. இன்று கொழும்புக் கண்காட்சியில் தமிழ்ப் புத்தகம் தேடிப் போகிறவர் முதலில் விசாரிக்கும் பெயர்களுள் அதுவும் ஒன்று. தீவிலிருந்து நானூறு கிலோமீற்றர் போய், தீவுக்காரர் ஒருவர் தொடங்கிய கடையில் புத்தகம் வாங்குகிறோம் என்பது அங்கே நிற்கும் பலருக்குத் தெரிந்திருக்காது.

கொழும்புக் கண்காட்சி 1999இல் தொடங்கியது. நடத்துவது இலங்கை நூல் வெளியீட்டாளர் சங்கம். காலம் செப்டெம்பர், அதாவது நாட்டின் இலக்கிய மாதம். இடம் பௌத்தாலோக மாவத்தையிலுள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம். அதன் வளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் காட்சிக்கூடங்களின் எண்ணிக்கையையும் கூட்டத்தின் அளவையும் சொல்லுவார்கள். நானூறுக்கு மேற்பட்ட கூடங்கள், பத்து இலட்சத்தைத் தாண்டும் பார்வையாளர் என்று செய்தித்தாள்கள் எழுதும். வடக்கிலிருந்து பார்த்தால் அந்த வளர்ச்சியை வேறொரு விதமாகவும் எண்ணலாம்: வீதியைக் கொண்டு.

1999 செப்டெம்பரில் கரம்பொன்காரர் ஒருவர் அந்த முதலாவது கண்காட்சிக்குப் போக நினைத்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 வீதி போரினால் மூடிக் கிடந்தது. வடபகுதிப் புகையிரதம் 1990இல் நின்றது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அனுமதிப் பத்திரம் வேண்டும். அதன்பிறகு கடல்வழியே திருகோணமலைக்குக் கப்பல், அல்லது பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம். அந்த விமானப் பயணமும் இலகுவான தேர்வு அல்ல. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே காணாமல் போனது, 55 பேர் அதில் இருந்தார்கள். கொழும்பில் இறங்கினால் பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, தங்குமிட அறையில் நள்ளிரவுத் தேடுதல். புத்தகம் வாங்க அந்தப் பாதையில் எவரும் போயிருக்கமாட்டார். போனவர்கள் வேறு காரணத்துக்காகப் போனார்கள், கடவுச்சீட்டுக்கு, வெளிநாட்டுத் தூதரகத்துக்கு, வைத்தியத்துக்கு. அப்படிப் போனவர்களுள் யாராவது கண்காட்சிப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால், அது அவர்களுடைய ஆசைக்குச் சான்று.

2002இல் ஏ-9 திறந்தது. பண்ணைத் தாம்போதியைக் கடந்து, ஆனையிறவைத் தாண்டி, வன்னிக்குள்ளால் ஓடி, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, ஒரு முழு நாளில் கொழும்பைத் தொட முடிந்தது. நாலு செப்டெம்பர்கள் அப்படி வாய்த்தன. 2006 ஆகஸ்டில் வீதி திரும்பவும் மூடியது. போர் 2009இல் முடிந்தபின் முதலில் தொடரணியாக, பிறகு தடையில்லாமல் பஸ்கள் ஓடின. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி புகையிரதம் மறுபடியும் யாழ்ப்பாண நிலையத்துக்குள் வந்து நின்றது. செப்டெம்பர் கண்காட்சிக்கு அது ஒரு மாதம் பிந்தி வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து வடக்குப் பிள்ளைகள் புகையிரதத்தில் போகத் தொடங்கினார்கள். கொழும்புக் கண்காட்சி சிங்கள வாசகருக்கு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. தீவுப்பகுதி வாசகருக்கோ அது ஒரு வீதி திறந்த அன்று பிறந்து, வீதி மூடிய அன்று செத்து, மறுபடி பிறந்த ஒன்று.

இரவு பஸ் விடியற்காலையில் கொழும்புக்குள் நுழையும். முகம் கழுவ வெள்ளவத்தையில் ஒரு உறவினர் வீடு இல்லாமல் இந்தப் பயணம் கட்டுப்படியாகாது. கொழும்பில் ஒரு இரவுக்கு விடுதி வாடகை கொடுத்தால், இருபது வீதம் அல்ல, நாற்பது வீதக் கழிவும் போதாது. மச்சாள் வீட்டில் தேத்தண்ணி குடித்து, காலி வீதியால் பம்பலப்பிட்டிக்கு வந்து, பௌத்தாலோக மாவத்தைக்குள் திரும்ப வேண்டியதுதான்.

மண்டபம் சீனா அன்பளிப்பாகக் கட்டித் தந்தது. 1973 மே 17ஆம் திகதி திறந்தார்கள். 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு இங்கேதான் நடந்தது. எண்கோண வடிவம், சுற்றிவர உயர்ந்த வெள்ளைத் தூண்கள், வீதிக்கு அப்பால் அவுக்கனப் புத்தர் சிலையின் பிரதி. மற்ற நாட்களில் கோட் போட்டவர்கள் வந்திறங்கும் இந்த வளவு, கண்காட்சி நடக்கும் பத்து நாளும் வேறு நாடாக மாறிவிடும். மாத்தறையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் பஸ் பிடித்து வந்த பாடசாலைகள் வெள்ளைச் சீருடையில் வரிசை கட்டும். நுழைவுக் கட்டணம் பெயருக்குத்தான். சீருடைப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. சக்கரம் வைத்த பயணப்பெட்டியை வெறுமையாக இழுத்துக்கொண்டு வரும் இளைஞர்களைப் பார்க்கலாம். மாலையில் அந்தப் பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து தூக்குவார்கள்.

இருபது வீதம் எங்கேயிருந்து வருகிறது என்பது வியாபாரிகளுக்குத் தெரிந்த கதை. வெளியீட்டாளர் ஒரு புத்தகத்தைக் கடைக்குக் கொடுக்கும்போது அச்சிட்ட விலையில் முப்பது வீதமோ அதற்கு மேலோ கடைக்காரருக்கு விட்டுக்கொடுப்பார். அதிலும் பணம் மாதங்கள் கடந்து வரும், சில வேளை வராமலும் போகும். கண்காட்சியில் வெளியீட்டாளரே நேரே விற்கிறார். கடைக்காரருக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கை வாசகருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கூடவாடகைக்கும் ஆட்கூலிக்கும் வைத்துக்கொள்கிறார். அதைவிடப் பெரிய லாபம், பணம் அன்றன்றைக்கே கையில் விழுவது. ஆகவே சிங்களப் பதிப்பகங்கள் ஆண்டு முழுவதும் எழுத்தாளரிடம் வாங்கி வைத்ததையெல்லாம் செப்டெம்பருக்கென்று அச்சுக்கு அனுப்புகின்றன. 1913இல் தொடங்கிய குணசேனவும், சரசவியும், கொடகேயும் புதுப் புத்தகங்களை அடுக்கடுக்காக இறக்கும் மாதம் அது. வெளியீட்டாளர் சங்கம் வழங்கும் சுவர்ண புஸ்தக விருதும் இந்தக் காலத்தை ஒட்டியே பேசப்படும். கழிவுக்காக வாசகர் செப்டெம்பர் வரை வாங்காமல் காத்திருக்கிறார். காத்திருக்கும் வாசகருக்காக வெளியீட்டாளர் செப்டெம்பர் வரை வெளியிடாமல் காத்திருக்கிறார். கண்காட்சி பெருத்ததற்கு இதுதான் முதற்காரணம். மிச்சப் பதினொரு மாதமும் சிறு புத்தகக் கடைகள் ஈ ஓட்டுவதற்கும் இதுவே காரணம் என்று கடைக்காரர் முணுமுணுத்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

தமிழ்ப் புத்தகக் கூடங்கள் இந்தப் பெருவெள்ளத்தில் சில தீவுகள். பூபாலசிங்கம், குமரன் புத்தக இல்லம், சேமமடு, ஜெயா புத்தக நிலையம், இஸ்லாமிக் புக் ஹவுஸ் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே கூட்டம் இல்லையென்று சொல்ல முடியாது. மலையகத்திலிருந்து வந்த ஆசிரியர்கள், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து மாணவர்கள், வெள்ளவத்தைக் குடும்பங்கள், இரவு பஸ்ஸில் வந்த வடக்கத்தியார் எல்லாரும் ஒரே கூடத்துக்குள் நெருக்கி நின்று, ஒருவரையொருவர் பேச்சு வழக்கைக் கொண்டு அடையாளம் காண்பார்கள். முதலில் விற்பது வினாத்தாள் தொகுப்பும் சிறுவர் கதைகளும்தான். அதற்குப் பிறகு கல்கி, ஜெயகாந்தன், சுஜாதா. ஈழத்து நூல்கள் ஒரு தட்டில் இருக்கும். அந்தத் தட்டின் முன்னால் நிற்பவர்கள் குறைவு. ஆனால் அதிக நேரம் நிற்பவர்கள் அவர்கள்தான்.

கொழும்பின் இருபது வீதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒரு வழக்கம் யாழ்ப்பாணத்தில் உண்டு: நூல் வெளியீட்டு விழா. ஈழத்தில் ஒரு தமிழ் நூல் முந்நூறு, ஐந்நூறு பிரதி அச்சாவதே வழமை. எழுதியவரே பெரும்பாலும் வெளியீட்டாளரும். மண்டபத்தில் மங்கல விளக்கேற்றி, வாழ்த்துரையும் ஆய்வுரையும் முடிந்தபின் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று பெயர் வாசிப்பார்கள். பெயர் வாசிக்கப்பட்டவர் மேடைக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு கடித உறை ஒன்றைக் கொடுப்பார். உறைக்குள் இருப்பது அநேகமாகப் புத்தகத்தின் விலையைவிடக் கூட. ஒரே வாசகர் பெப்ரவரியில் ஊர் மண்டபத்தில் விலைக்கு மேலே கொடுத்து வாங்குகிறார், செப்டெம்பரில் கொழும்பில் விலைக்குக் கீழே வாங்குகிறார். முன்னதில் மனிதர் முகம் பார்த்துக் கொடுக்கிறார். பின்னதில் புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்துக் கொடுக்கிறார். டொமினிக் ஜீவா தன் ‘மல்லிகை’ சஞ்சிகையைக் கையில் சுமந்து யாழ்ப்பாணத் தெருத்தெருவாய் நடந்து விற்ற காலத்திலிருந்து, அங்கே எழுத்து முகம் பார்த்துத்தான் விற்று வந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவருடைய புத்தகத்தை, எவருக்கும் கடன்படாமல், புரட்டிப் பார்த்துப் பிடித்தால் எடுத்துப் பிடிக்காவிட்டால் வைத்துவிடும் சுதந்திரத்தைக் கொழும்புக் கண்காட்சி கொடுக்கிறது. கரம்பொனிலிருந்து பஸ் காசு கொடுத்துப் போகிறவர் உண்மையில் வாங்கப் போவது அதைத்தான். கழிவு வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு காரணம்.

கழிவு என்றால் இவ்வளவுதானா என்று கேட்க வைத்த விற்பனை 2017இல் கொழும்புக்கு வந்தது. மலேசியாவில் 2009இல் அன்ட்ரூ யாப், ஜக்குலின் இங் தம்பதியர் தொடங்கிய ‘பிக் பாட் வுல்ஃப்’. இரவு பகலாகக் கதவு திறந்திருக்கும் விற்பனை. அரைவிலைக்குக் கீழே ஆங்கிலப் புத்தகங்கள், 70, 80 வீதக் கழிவு என்று விளம்பரம். பிரித்தானிய, அமெரிக்கப் பதிப்பகங்கள் இலட்சக்கணக்கில் அச்சடித்து விற்காமல் தேங்கியவற்றை மொத்தமாக மலிவாக வாங்கி ஆசிய நகரங்களில் கொட்டுவதுதான் அவர்களுடைய தொழில். கொழும்புக் குடும்பங்கள் தள்ளுவண்டி நிறையச் சிறுவர் நூல்களை அள்ளிக்கொண்டு போயின. தமிழ் வாசகருக்கு அங்கே வேலை இருக்கவில்லை; அப்படியொரு கழிவு தமிழுக்கு வரவும் முடியாது. எண்பது வீதக் கழிவு வேண்டுமென்றால் முதலில் மிதமிஞ்சி அச்சடித்திருக்க வேண்டும். முந்நூறு பிரதியில் மிஞ்சுவது எழுத்தாளரின் கட்டிலுக்கு அடியில் இருக்கும் நாலு கட்டு. அதை அவர் கழிவுக்கு விற்கமாட்டார், வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்.

2022 எல்லாக் கணக்கையும் குழப்பியது. மார்ச்சில் ரூபாய் சரியத் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் டொலர் 360ஐத் தொட்டது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. செய்தித்தாள்கள் சில சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. தமிழ்ப் புத்தகத்துக்கு அடி இரண்டு பக்கத்தாலும் விழுந்தது. இங்கே அச்சடிக்கக் கடதாசி விலை. தமிழ்நாட்டிலிருந்து இறக்குவதற்கு இந்திய ரூபாயின் விலை. தமிழ்நாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள இந்திய விலையை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி இலங்கை விலை ஒட்டுவது கடைகளின் பழைய வழக்கம். அந்தப் பெருக்கெண் ஏறிய வேகத்தில் 300 இந்திய ரூபாய் நாவல் ஆயிரத்தைத் தாண்டி மேலே போனது. 2024 ஜனவரியில் ‘வற்’ எனப்படும் பெறுமதிசேர் வரி 18 வீதமாக உயர்ந்தபோது, அதுவரை விலக்குப் பெற்றிருந்த புத்தகங்களும் அதற்குள் இழுக்கப்பட்டன. கண்காட்சி இருபது வீதம் குறைக்கிறது, அரசு பதினெட்டு வீதம் கூட்டுகிறது. பராக்கிரமபாகுவின் கல்வெட்டாவது கப்பல் உடைந்தால்தான் பங்கு கேட்டது.

இந்த நிலையில் முழுக் கழிவில் வாசிக்கக் கிடைப்பது ஒன்றுதான்: 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகம். ஈழத்துப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் தன்னார்வலர்கள் படியெடுத்து ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தீவுப்பகுதிக் கோயில் மலர்களும் பாடசாலை ஆண்டுவிழா மலர்களும்கூட அங்கே இருக்கின்றன. நெடுந்தீவில் கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைத்தால் போதும், கடல் தாண்ட வேண்டியதில்லை.

தெற்கே நானூறு கிலோமீற்றரில் ஒரு கண்காட்சி என்றால், வடக்கே கடலுக்கு அப்பால் இன்னொன்று. சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் அண்ணா சாலையிலுள்ள மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் 22 அரங்குகளோடு தொடங்கியது. காயிதே மில்லத் கல்லூரி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செயின்ட் ஜார்ஜ் பள்ளி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்று இடம் போதாமல் இடம் மாறி மாறி, இப்போது 900 அரங்குகள் வரை போடுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பதிப்பாளர்களின் கிடங்குகள் நனைந்தபோது அடுத்த காட்சியை 2016 ஜூனுக்குத் தள்ளித் தீவுத்திடலில் நடத்தினார்கள், விடவில்லை. அங்கே கழிவு 10 வீதம்தான். கொழும்பில் கொடுப்பதில் பாதி. ஆனாலும் தமிழில் அச்சாகும் அத்தனையும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும்போது வீதத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பலாலி விமான நிலையம் 2019இல் சர்வதேச நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் நின்ற சென்னை விமானம் 2022 டிசம்பரில் திரும்பவும் பறந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் விட்டார்கள். கரம்பொன்காரருக்கு இன்று சென்னை, நேரக் கணக்கில், கொழும்பைவிடக் கிட்ட. விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடுகிறது. கொழும்பு பஸ்ஸுக்கு ஒரு முழு இரவு வேண்டும். தடையாக நிற்பவை இரண்டு. ஒன்று விசாவும் ரிக்கற் விலையும். மற்றது நிறை. புத்தகத்தைப் போல் பாரமான சாமான் வேறில்லை; விமானத்தில் கிலோவுக்குக் காசு கேட்டால் மலிவாக வாங்கிய நாவல் முழுவிலையாகிவிடும். கப்பலில் போகலாம் என்றால், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அது நின்றுபோவதும் உண்டு. சென்னைக் காட்சி நடப்பதோ பொங்கலை ஒட்டி. ஆகவே தீவுப்பகுதியில் சென்னைக் காட்சி இன்னமும் யாரோ ஒருவர் போய் எல்லாருக்கும் வாங்கிவரும் காட்சியாகவே இருக்கிறது. போகிறவர் தன் உடுப்பைக் குறைத்துப் போவார். பட்டியல் கொடுத்தவர்கள், “கட்டாயம் இல்லை, கிடைச்சால் பாருங்கோ” என்பார்கள். கட்டாயம் என்பது அதற்கு அர்த்தம்.

கொழும்பிலிருந்து திரும்பும் இரவு பஸ்ஸில் இந்த நிறைப் பிரச்சினை இல்லை. சாமான் பெட்டிக்குள் எவ்வளவும் ஏற்றலாம். பாடசாலைக்கு வாங்கியவை வெளியீட்டாளரின் பெட்டியிலேயே கயிறு கட்டி வரும். சொந்தத்துக்கு வாங்கியவை சொப்பிங் பையில் காலடியில் இருக்கும். விடியற்புறம் யாழ்ப்பாணத்தில் இறங்கி, ஊர்காவற்றுறை பஸ்ஸுக்கு மாற்றி ஏற்றும்போது நடத்துனர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, இது இரண்டு சீட்டுக்கு நிறை என்று சொல்லுவார். சொல்லிவிட்டு ஒன்றுக்குத்தான் காசு எடுப்பார்.

கண்காட்சியை வடக்குக்குக் கொண்டுவர முடியாதா என்ற கேள்வி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி. பாதி விடை ஜனவரியில் வருகிறது. 2010இல் தொடங்கிய யாழ்ப்பாணம் சர்வதேச வர்த்தகச் சந்தைக்குக் கதிரை மேசை, சூரிய மின்கலம், சமையல் பாத்திரம், தவணைமுறை மோட்டார் சைக்கிள் என்று வருகிறவற்றோடு புத்தகக் கூடங்கள் சிலவும் வரும். மூன்று நாள் சந்தை அது. ஐஸ்கிறீம் வாங்க வந்த பிள்ளைகள் புத்தகக் கூடத்துக்குள் நுழைந்து ஒட்டும் கைகளோடு படப்புத்தகம் புரட்டுவார்கள். பத்து நாளில் நானூறு கூடம் காட்டும் கொழும்பு எங்கே, இது எங்கே என்று சிரிக்கலாம். ஆனால் தீவிலிருந்து வருகிறவருக்கு இங்கே ஒரு பஸ் போதும், பின்னேரத்துக்குள் வீடு திரும்பலாம், மச்சாள் வீடு தேவையில்லை. கூடத்தில் நிற்பவரும் கொழும்பில் நின்ற அதே பெடியன்தான்.

“தம்பி, செப்டெம்பரில குடுத்த கழிவு இதுக்கும் உண்டோ?”

“உண்டு ஐயா. வற்றும் உண்டு.”